பிரோட் பஸ்ஸில் திரும்பிப் போன பொட்டலம்

செர்பியாவின் சிற்றூரான பிரோட்டிலிருந்து வரும் பஸ் நீஷ் நகர நிலையத்துக்குள் நுழைந்ததும், நேவெனா டிக்கெட் ஜன்னலை ஒட்டிய தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

ஓட்டுநர் மிலுதின் இறங்கினார். பஸ்ஸின் முன் கண்ணாடிக்கு அடியில் பொட்டலங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்காகப் பிரோட் தாய்மார்கள் வாரந்தோறும் கொடுத்தனுப்பும் சாப்பாடு. மாணவர்கள் சூழ்ந்துகொண்டு அவரவர் பொட்டலத்தை வாங்கிப் போனார்கள். கடைசியில் ஒன்று மட்டும் அவர் கையில் மிஞ்சியது.

"நேவெனா! ரூஷா மக நேவெனா இருக்காளா?"

தன் பெயரைத் தன் காதால் கேட்டும் அவள் அசையவில்லை. பாவி, அசையவில்லை!

காலையில் நடந்தது அப்படி. ஜீன்ஸ் பொத்தானைப் போட மூச்சை இழுத்துப் பிடித்தாள். பொத்தான் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் உருண்டோடியது. அறைத் தோழி தமாரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடியே, குண்டு போடறதா இருந்தா முன்னாடியே சொல்லக் கூடாதா, நான் ஓடி ஒளிஞ்சிருப்பேன்ல! இன்னிக்கு உங்கம்மா பொட்டலம் வேற வருது. மிச்சமிருக்கிற ஜிப்பும் போச்சு போ!"

நேவெனாவும் சிரித்துவைத்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் கண் நிறைந்துவிட்டது.

பிரோட்டில் அவள் பள்ளி ஹேண்ட்பால் அணியின் இடது முனை ஆட்டக்காரி. பந்தோடு அவள் பாய்ந்தால் தடுக்க ஆள் கிடையாது. நீஷுக்கு வந்த பிறகு பாய்வதற்கு இடமே இல்லை. விடுதியின் உடற்பயிற்சிக் கூடத்தில் பழைய கட்டில்களை அடுக்கிப் பூட்டு போட்டிருந்தார்கள். மாடிக்கு லிஃப்ட், வகுப்புக்கு டவுன் பஸ். உணவகத்தில் அட்டையை நீட்டினால் உருளைக்கிழங்கும் மக்ரோனியும். ரொட்டிக்கு மட்டும் கணக்கே கிடையாது. வாசலிலேயே பேக்கரி. விடிந்தால் எண்ணெய் வழியும் பூரெக் என்னும் அடுக்கு ரொட்டி, ஒரு குவளைத் தயிர். பரீட்சை நெருங்கினால் புத்தகத்தின் மேலேயே சிப்ஸ் பாக்கெட். வந்த வருடத்துத் துணிகள் அடுத்த வருடம் ஒன்றும் சேரவில்லை.

இத்தனை இருந்தும் பழியைப் போடுவதற்கு அவளுக்கு அகப்பட்டது யார்? பெற்றவள்தான்! அந்த வாரம் தொலைபேசியில் வெடித்திருந்தாள்.

"எல்லாம் உன்னாலதாம்மா. வாராவாரம் பிட்டாவும் சாசேஜுமா அனுப்பி என்னை ஊதிப்போக வச்சிட்டே!"

 "சரி கண்ணு. இனி பாத்து அனுப்பறேன்" என்றாள் ரூஷா. நெசவு ஆலையில் இரட்டை முறை வேலை பார்த்துவிட்டு வந்து, அடுப்படியில் நின்று மாவு தேய்த்த கைகள் அவளுடையவை.

மிலுதின் ஒரு சிகரெட் முடியும்வரை காத்திருந்தார். இன்னொரு முறை கூப்பிட்டார். பொட்டலத்தை மறுபடி கண்ணாடிக்கு அடியில் வைத்தார். பஸ் போய்விட்டது.

நேவெனாவுக்குப் பசித்தது. நிலையத்துக் கடையில் ஒரு பூரெக் வாங்கி, நின்றபடியே தின்றாள்.

சாயங்காலம் அம்மா அழைத்தாள். "வாங்கிட்டியா கண்ணு? பிரிச்சுப் பாத்தியா?" குரலில் ஏதோ ஒரு ஆவல்.

"மிலுதின் மாமா குடுக்கவே இல்லம்மா. நான் நின்னுக்கிட்டேதான் இருந்தேன். அவரு இறங்காமலே ஓட்டிட்டுப் போயிட்டாரு."

நாக்கு கூசவில்லை. அந்த ஒரு நிமிடம் கூசவில்லை.

அடுத்த வாரம் புனித நிக்கோலா நாள், அவர்கள் குடும்பப் புனிதரின் திருநாள். ஊருக்குப் போக நேவெனா அதே பஸ்ஸில் ஏறினாள். "வா" என்றார் மிலுதின், அவ்வளவுதான். எப்போதும் 'எங்கூரு இடது முனை வந்துட்டா, வழி விடுங்கடா' என்று பஸ்ஸே அதிரக் கத்துகிறவர். முன் கண்ணாடிக்கு அடியில் ஊருக்குத் திரும்பும் ஒரு காலிக் கூடைகூட இல்லை.

"பொட்டலம் எதுவும் வரலையா மாமா?"

"இப்பல்லாம் அடுத்த வண்டியிலதான் அனுப்பறாங்க. உங்கம்மா பஸ் ஸ்டாண்டுல நாலு பேர் முன்னாடி, ஏன் பொட்டலத்த குடுக்கலன்னு கேட்டுட்டாங்க. எம்புள்ள பொய் சொல்லாதுன்னு. நியாயம்தானே." சாலையிலிருந்து பார்வையைத் திருப்பாமலே தணிந்த குரலில் சேர்த்துக்கொண்டார்: "அந்தச் சிவப்புக் கோட்டு நல்லாருக்கு. தூணுக்குப் பின்னால நின்னாலும் தெரியுது."

நேவெனா இருக்கையிலிருந்து முன்னால் சாய்ந்தாள். "பாத்தீங்களா? பாத்துமா அம்மாகிட்ட சொல்லல?"

"வயசுப் பொண்ணு. என்ன சங்கடமோன்னு விட்டுட்டேன்."

பிரோட்டில் இறங்கும்போது நேவெனா அந்தக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டாள்.

வீட்டில் மெழுகுவர்த்தி எரிந்தது. மீனும் அவரையும் திருநாள் ரொட்டியும் மேசையில். புனிதர் நாளுக்கு யாரையும் அழைக்கும் வழக்கமில்லை, வருகிறவர்கள் வருவார்கள். மிலுதின் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. இந்த வருடம் அவர் நாற்காலி காலியாகவே கிடந்தது.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவான்?" என்றாள் ரூஷா. போன வாரம் திரும்பி வந்த பொட்டலத்தை அலமாரியிலிருந்து எடுத்து மகள் முன் பிரித்தாள். "பாரு கண்ணு. நீ சொன்னப்புறம் நான் பிட்டா சுடவே இல்ல."

உள்ளே ஆப்பிள்கள் இருந்தன. சுட்டு உரித்த சிவப்பு மிளகாய், கொஞ்சம் வால்நட். அடியில், துணியில் சுற்றி, நேவெனாவின் ஹேண்ட்பால் காலணிகள். அடிப்பாகம் பிய்ந்து போனதைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டி, புது நாடா கோத்திருந்தாள்.

"உனக்குப் புடிச்சது இதுதானேன்னு நெனச்சேன். அந்தப் படுபாவி மட்டும் ஒழுங்கா சேத்திருந்தா, இன்னேரம் ஓட ஆரம்பிச்சிருப்பே."

நேவெனா காலணிகளைத் தொடவில்லை. தொடும் தகுதி தனக்கு உண்டா?

"அவரு கூப்பிட்டாரும்மா."

"என்ன?"

"ரெண்டு தடவ கூப்பிட்டாரு. நான்தான் ஒளிஞ்சுக்கிட்டேன். நான்தான் பொய் சொன்னேன்."

மேசையைச் சுற்றி இருந்தவர்களின் கரண்டிகள் நின்றன. ரூஷா கை ஓங்கவில்லை, கத்தவில்லை. அவள் முகம் மட்டும் சாம்பல் பூத்துப் போனது. "நான் அந்த மனுஷன ஊர் பாக்க வச்சு…" என்று தொடங்கியவள், இடுப்பில் கட்டியிருந்த சமையல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடித்திருந்தால்கூட நேவெனாவுக்கு அத்தனை வலித்திருக்காது.

மறுநாள் காலை பஸ் நிலையத்தில், பொட்டலங்களோடு நின்ற பெண்கள் முன்னால், ரூஷா மிலுதினிடம் திருநாள் ரொட்டியில் ஒரு துண்டை நீட்டினாள். "அண்ணே, தப்பு எங்க வீட்டுது. எம்மவளே சொல்லுவா." நேவெனா சொன்னாள். எல்லோருக்கும் கேட்கும்படி, தலை குனியாமல் சொல்லி முடித்தாள். மிலுதின்தான் கூச்சத்தில் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

மகள் அதே பஸ்ஸில்தான் போகிறாள். ஆனாலும் ரூஷா பொட்டலத்தை அவளிடம் தரவில்லை. "நீங்களே சேத்துடுங்க அண்ணே" என்று அவர் கையில் கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தியும் தன்னுடையதைக் கொண்டுவந்து வைத்தாள். மற்றவர்கள் அடுத்த வண்டிப் பக்கமே நின்றார்கள்.

நீஷில் இறங்கியதும், பக்கத்திலேயே நின்றவளைக் கண்டுகொள்ளாமல், மிலுதின் நிலையமே திரும்பிப் பார்க்கக் கூவினார்: "நேவெனா! ரூஷா மக நேவெனா இருக்காளா?"

பயணிகள் சிரித்தார்கள். அவளால் முடியவில்லை.

"இருக்கேன் மாமா."

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அவர் அவள் தோளைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். டவுன் பஸ் வந்து நின்று போனது. நேவெனா ஏறவில்லை, விடுதிக்கு நடக்கத் தொடங்கினாள். அந்த இன்னொரு பொட்டலத்தையும் உரியவர் வாங்கிப் போயிருந்தார். திரும்பிப் பார்த்தபோது, முன்பு பொட்டலங்கள் நெருக்கியடித்த மிலுதினின் கண்ணாடிக்கு அடியில் வெயில் மட்டுமே விழுந்து கிடந்தது.