சந்தனாவின் இடது கன்னம்

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் பெண் டிரைவர் ஒருத்திதான். பெயர் சந்தனா. முதல் நாள் காக்கிச் சட்டையோடு வண்டியைக் கொண்டுவந்து என் வண்டிக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"இன்னாம்மா, யாரைக் கேட்டு இங்க போட்ட?" என்றேன்.

"முன்னாடி போட்டா நீங்க திட்டுவீங்கன்னுதாண்ணா பின்னாடி போட்டேன்" என்றாள். அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? பீடியைப் பற்றவைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு முன்னால் இதே ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்தவள். வருகிறவர்களுக்கு ரூம் சாவி கொடுப்பது, போகிறவர்களுக்கு ஆட்டோ கூப்பிட்டுக் கொடுப்பது. ஒருநாள் அவளுக்கே தோன்றியிருக்கிறது, கூப்பிடுகிறவளைவிட ஓட்டுகிறவனுக்குத்தான் காசு ஜாஸ்தி என்று. லைசென்ஸ் எடுத்தாள், வண்டி எடுத்தாள். வீட்டுக்காரர் வீரேந்திரன் கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுகிறார். நயினார் குடும்பம், ஜைனர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். அதனால் சாயங்காலம் எங்கே இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டி டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவாள். பின்னால் வெள்ளைக்காரன் உட்கார்ந்திருந்தாலும் சரி, கலெக்டர் உட்கார்ந்திருந்தாலும் சரி. "ஃபைவ் மினிட்ஸ், சன் கோயிங்" என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

போன மாசியில் அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமல் போனது.

எங்கள் ஊரில் மலையை எப்படிச் சுற்றினாலும் மலை வலது கைப்பக்கம்தான் இருக்க வேண்டும். நடந்து சுற்றினாலும் அப்படித்தான், ஆட்டோவில் சுற்றினாலும் அப்படித்தான். மாற்றிச் சுற்றச் சொல்லி இதுவரை ஒரு சவாரியும் கேட்டதில்லை. ஆக, டிரைவருக்கு வலது பக்கம் மலை, இடது பக்கம் வெட்டவெளி. மத்தியானத்துக்கு மேல் அடி அண்ணாமலைப் பக்கம் வண்டி திரும்பினால் வெயில் இடது கன்னத்தில் அறையும். எங்கள் ஸ்டாண்டில் எல்லோருக்கும் வலது கையைவிட இடது கை கறுப்பு. நாங்கள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

சந்தனாவுக்குக் கறுத்ததோடு நிற்கவில்லை. இடது கன்னத்தில் கருந்திட்டாக மங்கு விழுந்தது. அதன்மேல் பொரிப்பொரியாகக் கிளம்பியது. அரை மணி வெயிலில் ஓட்டினால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது என்றாள். சூட்டுக்கொப்புளம் என்று நினைத்து மஞ்சள் பூசினாள். எரிச்சல் போகவில்லை, மஞ்சள் முகத்தோடு எரிந்தது, அவ்வளவுதான்.

அவள் வண்டியின் நிலையான வருமானம் ஒரு நர்சரி பள்ளிதான். மத்தியானம் எல்.கே.ஜி. பிள்ளைகளை வீட்டில் விடுகிற சவாரி. பொம்பளை டிரைவர் என்பதற்காகவே தாய்மார்கள் கேட்டு வாங்கிக் கொடுத்தது. உச்சி வெயிலில் ஓட்ட முடியவில்லை என்றதும் பள்ளிக்கூடத்து மேடம் சொல்லிவிட்டார்கள்: "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன் சந்தனா. அப்புறம் வேன் பேசிடுவேன்." அந்தச் சவாரி போனால் வண்டியும் போகும். பாதி நாள் நிற்கிற வண்டி எதற்கு என்று மாமியார் வீட்டில் அப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"ஒரு வாரம் அந்தச் சவாரியைப் பார்த்துக்கோங்கண்ணா" என்று என்னிடம் கேட்டாள். தெரியாமல் தலையாட்டிவிட்டேன்.

எல்.கே.ஜி. பிள்ளைகளை ஏற்றி ஓட்டியவனுக்குத்தான் அது என்னவென்று தெரியும். ஒன்று அழும், ஒன்று கம்பியில் தொங்கும், ஒன்று ஷூவைக் கழற்றி ரோட்டில் போடும். ஓவியா என்று ஒரு வாயாடி. "புகழேந்தி அங்கிள், நீங்க ஏன் எப்பவும் கத்துறீங்க?" என்றது.

"நான் எங்க கத்தினேன்? என் குரலே அப்படித்தான்!"

"இதோ கத்துறீங்க. சந்தனா ஆன்ட்டி பாட்டு போடுவாங்க."

"எனக்குப் பாட்டெல்லாம் வராது. உக்காரு."

"ஆன்ட்டி எப்ப வருவாங்க?"

அந்தக் கேள்வியை ஓவியாவைவிட அவசரமாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டர் அருணாதேவி பார்த்தார்கள். மருந்து எழுதிக் கொடுத்து, வெயிலில் போவதற்கு முன்னால் தினமும் சன்ஸ்கிரீன் போடு என்றார்கள். டியூபில் எஸ்.பி.எஃப். என்று போட்டிருக்கிற நம்பர் முப்பதுக்குக் குறையக் கூடாது, முழுக்கைச் சட்டை, தலைக்குத் தொப்பி. எந்தக் கம்பெனி என்று இவள் கேட்டதற்கு, "உனக்கு எது தினமும் போட முடியுதோ அதுதான் நல்ல கம்பெனி" என்றார்களாம். டாக்டரம்மா சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் ஃபேன்ஸி ஸ்டோரில் இருந்ததிலேயே விலை கம்மியான ஒரு டியூபை வாங்கிப் பூசிக்கொண்டு வந்தாள். முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. ஸ்டாண்டில் பாலாஜி என்று ஒரு பயல், வாய் சும்மா இருக்காது.

"இன்னாக்கா, விபூதி அபிஷேகம் ஆச்சா? எங்களுக்கும் கொஞ்சம் பிரசாதம் குடு."

"உன் மூஞ்சிக்கு இது பத்தாதுடா, ஒயிட்வாஷ்தான் அடிக்கணும்" என்றாள்.

சிரித்தாலும் அந்த வெள்ளை போகவில்லை. எரிச்சலும் போகவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கினாள். அது எண்ணெய்ப் பிசுக்கு. அடி அண்ணாமலை தாண்டும்போது நெற்றி வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் இறங்கிவிட்டது. வண்டியில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் பிரேக் போட்டு, பாட்டில் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டு ரோட்டோரம் நின்றாளாம். வந்து சொன்னபோது அவள் குரலே மாறியிருந்தது.

"மூஞ்சி எரிஞ்சா எனக்கு மட்டும்தாண்ணா கஷ்டம். கண்ணு எரிஞ்சா பின்னாடி இருக்கறவங்களுக்கும் கஷ்டம். நாளைக்குப் பசங்க உக்காந்திருப்பாங்க."

மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனாள். எவ்வளவு போடுகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். இவள் கோயிலில் சந்தனம் கொடுக்கிற மாதிரி விரல் நுனியில் துளி எடுத்துக் காட்டியிருக்கிறாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் க்ரீமால் கோடு போட்டுக் காட்டினார்களாம். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். கையில் வெயில் படுகிற இடத்துக்குத் தனி. கண்ணை ஒட்டிப் பூசாதே, வியர்த்து வழிந்தால் ஒற்றியெடுத்துவிட்டு மறுபடி போடு.

"அவ்ளோ போட்டா ஒரு டியூப் ஒரு வாரம்கூட வராது" என்றாள் என்னிடம். "நான் டப்பா மேல இருக்கற விலையைத்தாண்ணா பார்த்துகினு இருந்தேன். எத்தனை நாள் வரும்னு பார்த்திருக்கணும். டீசல் போடும்போது பாக்கறேன், இதுக்குப் பாக்கலை."

அதற்கப்புறம் வண்டிக்கு டயர் வாங்குகிறவள் மாதிரி இறங்கிவிட்டாள். பெரிய சைஸ், பசை மாதிரி இல்லாமல் தண்ணியாகப் பரவுகிற லோஷன், வாசனை இல்லாதது. மெடிக்கல் கடை நந்தினி இரண்டு மூன்று எடுத்து வைக்க, இவள் கையில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போய் நின்று பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தாள். நெற்றியில் ஒரு பருத்தித் துணியைப் பட்டையாகக் கட்டிக்கொண்டாள், வியர்வை கண்ணுக்கு இறங்காமல் இருக்க. மூன்று நாள் ஓட்டினாள். வெள்ளையும் இல்லை, பிசுக்கும் இல்லை, எரிச்சலும் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. "சரி, நாளையிலருந்து நீயே ஸ்கூலுக்குப் போ" என்றேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

காலையில் அந்த லோஷனோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றும் பூசவில்லை.

"இதுல தேன்மெழுகு இருக்குதுண்ணா."

"அதுக்கு?"

"நாங்க தேன் தொடமாட்டோம்."

"தேனைத்தான தொடமாட்டீங்க. இது மெழுகு. அதுவும் நீ திங்கவா போற? மூஞ்சிக்குத்தான பூசற?"

"கூட்டைக் கலைச்சுத்தான மெழுகு எடுக்கறாங்க. பூச்சிக்கு நான் தின்னா இன்னா, பூசினா இன்னா?"

"யாரு பாக்கப் போறா?"

"நான்தான் பாத்துட்டேனே" என்றாள்.

மாமியாரோ வேறு யாருமோ சொல்லவில்லை. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் போனில் படம் எடுத்து, பெரிதாக்கி, இவளேதான் படித்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. மாசக் கடைசிக்கு முன்னால் ஒரு சனி, ஞாயிறுதான் பாக்கி. திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூட வாசலில் நிற்கவில்லை என்றால் வேன் வந்து நிற்கும். முகத்துக்கு ஒத்துக்கொண்டது கிடைத்த பிறகு ஒரு தேனீயை நினைத்து அதை விடுவதா?

"பைத்தியக்காரத்தனம் பண்ணாத. திங்கட்கிழமைய இதை வச்சே ஓட்டிடு, அப்புறம் வேற தேடிக்கோ" என்றேன்.

"இன்னிக்கு இதைப் போட்டுட்டா அப்புறம் தேடமாட்டேண்ணா. என்னை எனக்குத் தெரியும்."

லோஷனை என் மடியில் வைத்துவிட்டாள். "உங்க கையும் கறுத்துத்தான் கீது. வீணாக்காதீங்க."

அன்றைக்கு மத்தியானம் மறுபடி நான்தான் பிள்ளைகளை ஏற்றினேன். ஓவியா என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அங்கிள் க்ரீம் போட்டிருக்காரு!" என்று வண்டி முழுக்கக் கத்தியது. வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

சனிக்கிழமை சந்தனா சவாரி எடுக்கவில்லை. எங்கள் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிற கடையில் விலங்குப் பொருள் இல்லாத க்ரீம் இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்குதுங்க, எனக்கு இல்லை" என்று திரும்பக் கொடுத்துவிட்டாள். நந்தினி கடையில் இருந்தவற்றில் பின்பக்கம் பார்த்து இரண்டைத் தள்ளிவிட்டாள். பிறகு தேரடி வீதிப் பக்கம் பெரிய மருந்துக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் பெட்டிகளை எடுத்து எடுத்து வைத்தார். இவள் ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்துப் படித்தாள்.

"எல்லாத்தையும் படிச்சு முடிச்சுட்டுப் பரீட்சை எழுதப் போறீங்களாம்மா?" என்றார் கடைக்காரர்.

"தினமும் மூஞ்சில போடறதுங்க. பாஸ் பண்ணினா உங்ககிட்டயே மாசாமாசம் வாங்குவேன்" என்றாள். அதற்குப் பிறகு அவரே உள்ளே போய் இன்னும் இரண்டு பெட்டி எடுத்து வந்தார்.

கடைசியில் நம் ஊர்க் கம்பெனி ஒன்றின் ஜெல் கிடைத்தது. ஐம்பது நம்பர். விலங்குப் பொருள் எதுவும் இல்லை என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. அதை நம்பாமல் பின்பக்கத்தையும் முழுசாகப் படித்தாள். விலை முதல் டியூபைவிட அதிகம்தான். ஆனால் அளவு பெரிது. விரலை வைத்து எத்தனை நாள் வரும் என்று மனக்கணக்குப் போட்டாள். "கட்டுப்படியாகும்ணா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் என்னைப் பின்னால் உட்காரவைத்து மலையைச் சுற்றினாள். வேறு எவனும் அந்த நேரத்தில் காசு வாங்காமல் சுற்ற மாட்டான். பாதையோரத்துக் குபேர லிங்கக் கோயிலையும் தாண்டிவிட்டோம். அவள் முகத்தில் வியர்வை கொட்டியது. கண்ணைச் சிமிட்டுகிறாளா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"இன்னா, எரியுதா?"

"வெயில் எரியுது. மூஞ்சி எரியலை."

"கண்ணு?"

"உங்களைக் கண்ணாடில நல்லாத் தெரியுது. ஏன் அப்படி முறைச்சுகினு வர்றீங்க?"

திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்னால் அவள் வண்டி பள்ளிக்கூட வாசலில் நின்றது. நானும் போனேன், ஒருவேளை முடியாவிட்டால் என்று. பக்கத்தில் வேன்காரர் ஒருவர் மேடத்திடம் பேசுவதற்குக் காத்துக்கொண்டிருந்தார். சந்தனா நெற்றித் துணியை அவிழ்த்து முகத்தை ஒற்றிவிட்டு, இரண்டு விரலில் கோடு போட்டு மறுபடி பூசிக்கொண்டாள். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை, வண்டிக்கு ஆயில் பார்க்கிற மாதிரி நடு ரோட்டில். மேடம் வெளியே வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"கன்னத்துல அது அப்படியே இருக்குதே சந்தனா?"

"மங்கு போக மாசக்கணக்காகும்னு டாக்டரம்மா சொன்னாங்க மேடம். அது பாட்டுக்கு இருக்கட்டும். எனக்கு எரிச்சல் நின்னுபோச்சு, வண்டி ஓட்டலாம்."

"தினமும் வருவியா?"

"தினமும் பூசறேன், தினமும் வர்றேன்."

மேடம் வேன்காரரிடம் திரும்பி, அப்புறம் சொல்கிறேன் என்றார்கள். கேட் திறந்தது. பிள்ளைகள் என் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் வண்டியில் போய் ஏறின. பாட்டுப் போட்டுக்கொண்டு, மலையை வலது பக்கம் விட்டு, வெயிலுக்குள் ஓட்டிக்கொண்டு போனாள்.