ராணி ஏன் உட்காரவே இல்லை?

“பாஸ் பண்ணுங்க அண்ணி... பாஸ் பண்ணுங்க... ஐயோ, தாண்டிட்டுது!”

சமீபத்தில் எங்கள் வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் அதிகம் கேட்ட வசனம் இதுதான். ரிமோட் என் கையில். டி.வி.யில் மூக்கு உரசும் தூரத்தில் என் நாத்தனார் ஷெர்லின். திரையில் ஒரு ராணி.

வெளிநாட்டு ஃபேன்டஸி படம், தமிழ் டப்பிங். மலை உச்சியில் கோட்டை, கழுகுகளோடு பேசுகிற ராணி, அவளைக் கவிழ்க்கப் பார்க்கிற தம்பி... அதற்கு மேல் கதை கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. நாங்கள் பார்த்ததெல்லாம் ராணியின் கவுனைத்தான்!

ஷெர்லினுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வயது முப்பத்தெட்டு. ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் பேட்டர்ன் மேக்கர். அதாவது, டிசைனர் வரைந்து அனுப்பும் ஷூவைப் பார்த்து, தோலை எந்தெந்த வடிவத்தில் வெட்டினால் அது வரும் என்று முடிவு செய்கிறவள். மாப்பிள்ளை ஜெபராஜ், காட்பாடியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. தலையில் முடி கம்மி, முகத்தில் சிரிப்பு ஜாஸ்தி.

நிச்சயம் முடிந்த அன்று என் கணவரின் அத்தை ஒரு யோசனை சொன்னார்.

“இந்த வயசுல ஊரைக் கூட்டிக்கினு என்னாத்துக்கு? ஒரு வெள்ளைப் புடவையக் கட்டி, காலையில சர்ச்சுல சிம்பிளா முடிச்சிடலாம்.”

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதானே சிக்கல்? கெட்ட மனசோடு சொன்னால் சண்டை போடலாம். நல்ல மனசை என்ன செய்வது?

அப்புறம் ஷெர்லின் பாத்திரம் கழுவும்போது என்னிடம் கேட்டாள்: “லேட்டா கல்யாணம் பண்றவ பதுங்கிப் பதுங்கிப் போணுமா அண்ணி? நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்?”

பதிலும் அவளிடமே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் போட்டாள்.

“இந்த ராணியப் பாருங்க. காதோரம் நரைச்சிருக்கு. ஆனா இவ நடந்து வரும்போது ஒருத்தனாவது ‘சிம்பிளா வா’ன்னு சொல்றானா?”

அதே கவுனைத்தான் கல்யாணத்துக்குப் போடப் போகிறாளாம். வெள்ளையில். தானே தைத்து!

கவுனின் மேல்பாகம் முழுக்க இலை இலையாகத் தோல், மீன் செதில் போல அடுக்கியிருந்தது. இடுப்புக்குக் கீழே, தரையைக் கூட்டிக்கொண்டு வருகிற துணி. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் கிராஃபிக்ஸ்மா” என்றார்.

“கிராஃபிக்ஸுக்கு எதுக்குண்ணா தையல்? இந்த இலை நடுவுல நரம்பு மாதிரி ஓடுதே... அது நூலு.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்தார். நூல்தான்.

அப்புறம் அவரும் எங்களோடு உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரும் துப்பறிந்தோம். இலை மேல் இலை அடுக்கியும் ஏன் தடிப்பாகத் தெரியவில்லை? ஓரங்களை மெல்லிசாகச் சீவியிருக்கிறார்கள். ஷூவுக்கும் அப்படித்தான் சீவுவார்களாம். சரி, இதை எப்படிப் போட்டுக் கழற்றுகிறாள்? முதுகில் ஜிப் இல்லை, பட்டன் இல்லை... ராணி கையைத் தூக்கிக் கழுகைக் கூப்பிடும் காட்சியில் ஒரே ஒரு நொடி, அக்குளுக்குக் கீழே இலைகள் பிரிகின்றன. உள்ளே வரிசையாகக் கொக்கி! ஷெர்லின் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டு வந்துவிட்டார்.

முதலில் மலிவான காடா துணியில் ஒரு மாதிரி கவுன் தைத்தாள். ராணியின் நிமிர்வு வர வேண்டுமே? ஷூவின் குதிகாலில் உள்ளே வைக்கிற கெட்டி ஷீட்டை வாங்கி வந்து, மேல்பாகம் முழுக்க வைத்தாள். போட்டுப் பார்க்க ஆள்... நான்தான். எங்கள் இருவருக்கும் ஒரே உயரம். அகலத்தைப் பற்றி இந்தப் பத்தியில் விவாதிப்பதாக இல்லை.

கண்ணாடியில் பார்த்தேன். நானா அது? லேப்டாப்பில் குனிந்து குனிந்தே கூன் விழுந்த முதுகு, கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றது. என் கணவர்கூட, “மகாராணி, காபி” என்று டம்ளரை நீட்டினார். கல்யாணமான நாளாக இல்லாத மரியாதை! வாங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்பது தவறு. முயற்சி செய்தேன். கீழ் முனை தொடையில் குத்தியது. மேல் முனை தாடையை இடித்தது. சோபாவில் சாய்த்து வைத்த ஏணி மாதிரிக் கிடந்தேன். காபி, காடா துணிக்கு.

நானும் என் கணவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஷெர்லின் சிரிக்கவில்லை. “சர்ச்சுல முட்டி போட்டு ஆசீர்வாதம் வாங்கணுமே அண்ணி...” என்றாள்.

“அந்த ராணி எப்படித்தான் உட்கார்றா?” என்றேன்.

மறுபடி படம். முதலிலிருந்து. இந்த முறை கவுனை விட்டுவிட்டு, ராணி உட்காரும் இடமாகத் தேடினோம்.

அவள் உட்காரவே இல்லை!

சிம்மாசனம் இருக்கிறது. அதன் பக்கத்தில், கைப்பிடியில் கை வைத்து நிற்கிறாள். விருந்து நடக்கிறது. எல்லோரும் உட்கார்ந்து தின்கிறார்கள், இவள் கோப்பையோடு நிற்கிறாள். குதிரையில் போகிறாள், ஆனால் கேமரா கழுத்துக்குக் கீழே இறங்குவதில்லை. கோட்டையிலிருந்து தப்பி ஓடும்போது மட்டும் படிகளில் தாவுகிறாள். பாஸ் பண்ணிப் பார்த்தால், அது வேறு கவுன். தோலே இல்லை. இலை மாதிரி வெட்டிய மெத்தென்ற துணி.

நிற்க ஒரு கவுன், ஓட ஒரு கவுன். நமக்குத்தான் எல்லாம் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள்... நாம் அண்ணாந்து பார்க்கிற பல பேருடைய வாழ்க்கையும் இப்படித்தானே? நிற்கும்போது எடுத்த போட்டோதான் ஸ்டேட்டஸில் வருகிறது. உட்காரும்போது எங்கே குத்துகிறது என்று யார் போடுகிறார்கள்?

இதை ஷெர்லினிடம் சொன்னேன். தத்துவம் எடுபடவில்லை. மாதிரி கவுனைச் சுருட்டி பீரோவுக்கு மேலே போட்டுவிட்டாள்.

“பேஜார் வேணாம் அண்ணி. அத்தை சொன்ன மாதிரி புடவையே போதும்.”

குரலில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சமாதானம் இருந்தது.

மறுநாள் மாலை, பத்திரிகை கொடுக்கும் விஷயமாக ஜெபராஜ் வந்தார். வாசலிலேயே விஷயத்தைச் சொன்னேன். மனிதர் பதறிவிட்டார்.

“ஐயையோ, புடவையா? என்னங்க ஷெர்லின், இப்படிப் பண்றீங்க! கவுனை மிதிக்காம பக்கத்துல நடக்கணும்னு ஒரு வாரமா ப்ராக்டீஸ் பண்றேன். என் தங்கச்சி இடுப்புல பெட்ஷீட்டைக் கட்டிக்கினு முன்னாடி நடப்பா, நான் பக்கத்துல. ரெண்டு தடவை அவ குப்புற விழுந்து, இப்பதான் சரியா வருது. பாருங்க...”

ஷூவைக்கூடக் கழற்றாமல், வாசல் சிமென்ட் தரையில் நடந்து காட்டினார். ஒரு கற்பனை மணப்பெண்ணுக்கு இடம் விட்டு, ஓரமாக, அன்னநடை. எதிர்வீட்டு மாடியிலிருந்து கைதட்டல்.

ஷெர்லின் சிரித்துக்கொண்டுதான் பார்த்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. அவர் காலையே பார்த்தாள்.

“இன்னொரு வாட்டி நடங்க.”

நடந்தார். விரல்கள் மடங்குகிற இடத்தில் ஷூ மடங்கியது, விரிந்தது.

“அட, கடவுளே! வளையுற எடத்துல கெட்டி வைக்கக் கூடாதுன்னு தினமும் ஃபேக்டரியில நான்தானே கத்தினு இருக்கேன்!”

அவ்வளவுதான். ஒரே ஓட்டமாக உள்ளே போய் நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேலிருந்த கவுனை எடுத்துவிட்டாள். மாப்பிள்ளைக்குக் காபி போட்டது நான்.

கெட்டி ஷீட்டை விலா எலும்போடு நிறுத்தினாள். அதற்குக் கீழே மெல்லிய துணியில் இலைகளைச் சும்மா தொங்கவிட்டாள். பாவாடையைத் தனியாகவே தைத்துவிட்டாள். நின்றால் இலைகள் மூடிக்கொள்ளும், குனிந்தால் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கும். வேலூர் வெயிலில் தோலைப் போட்டுக்கொண்டு வேகாமல் இருக்க, இலைகளுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் காற்றோட்டத்துக்குப் பொடிப்பொடி ஓட்டைகள். அந்த ராணிக்குக்கூட இந்த வசதி இருந்திருக்காது!

கல்யாண நாள். சர்ச் வாசலில் அவள் இறங்கினாள். வெள்ளைத் தோல் இலைகள் மேல் காலை வெயில். காதோரம் இருந்த நரையை அவள் மறைக்கவே இல்லை. ஜெபராஜ் கண் கலங்க, ஆனால் காலை மட்டும் கவனமாக எடுத்து வைத்து, பக்கத்தில் நடந்தார். பாதிரியார் ஆசீர்வாதத்துக்கு அழைத்தபோது எனக்கு எங்கள் சோபா ஞாபகம் வந்தது.

முட்டி போட்டாள். இலைகள் சரசரவென்று சறுக்கி அமர்ந்தன. தலை குனிந்தாள். எங்கும் இடிக்கவில்லை. எழுந்தாள். சீட்டுக்கட்டை அடுக்கியது போல எல்லாம் தன் இடத்துக்குத் திரும்பின.

வெளியே வந்ததும் போட்டோகிராஃபரை ஒருவர் அதட்டிக்கொண்டிருந்தார். அத்தை!

“எங்க பொண்ணை முழுசா எடுப்பா. பாதியில கட் பண்ணிட்டீன்னா இன்னொரு தடவை எடுக்க வெச்சிடுவேன்.”

மாலையில் ரிசப்ஷன். ஃபேக்டரியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள். அவர்களில் ஷெர்லினின் மேலதிகாரி வசந்தி மேடமும் ஒருவர். இவளைவிட மூத்தவர், கல்யாணம் ஆகாதவர். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மேடைக்கு வந்தவர், பரிசைக் கொடுத்துவிட்டு, ஒரு இலையை விரலால் தூக்கித் தையலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஷெர்லின், அளவு கொடுக்க எப்ப வரட்டும்?”

“யாருக்கு மேடம்?”

“எனக்குத்தான்.”

ஷெர்லின் மேடையையும் கூட்டத்தையும் மறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “மேடம்! மாப்பிள்ளை யாரு?”

“அதப் பொறுமையா பாத்துக்கலாம். மொதல்ல கவுன் ரெடியாகட்டும்.”