செயற்கைக்கோளை இறுக்கிக் கட்டிய கதை

1. வேலை கிடைத்த காரணம்

ஹார்பரில் லாஷிங் என்றால், ஏற்றிய சரக்கு அசையாதபடி கட்டுவது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது என் பயம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். ராயபுரத்தில் அதைக் கிறுக்கு என்றார்கள். ஹார்பர் மேஸ்திரி பொறுப்பு என்றார். அந்தப் பொறுப்பை வைத்தே பிறகு ஒரு லாரி கம்பெனியில் லோடு கட்டச் சேர்ந்தேன். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கம்பெனியில் கேட்டார்கள். நன்றாகக் கட்டிய லோடில் எழுத ஒன்றும் இல்லை. அதனால் இது.

2. ஆடுகிற பெட்டி

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். சிட்டியில் ஒரு காலேஜில் சின்ன செயற்கைக்கோள் ஒன்று செய்திருந்தார்கள். பழைய டிவி அளவுதான் இருக்கும். பூமியைப் படம் பிடிக்க ஒரு கேமரா, மேலே போனால் தாங்குமா என்று சோதிக்க ஒரு புது பேட்டரி. திருவொற்றியூரில் ஒரு ஃபாக்டரி மெஷினில் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே ஸ்ரீஹரிகோட்டாவுக்கு எங்கள் வண்டியில் ஏற்றினார்கள். வண்டி ஓட்டியது சேவியர், என் தோஸ்து. கூட வந்தது அந்தக் காலேஜ் இன்ஜினீயர் கவிதா.

பெரிய செயற்கைக்கோள் போகிற ராக்கெட்டில் இவர்களுக்கு ஓரமாக ஓர் இடம் கிடைத்திருந்தது. “ஷேர் ஆட்டோல கடைசி சீட்டுண்ணே. நாம லேட்டானா நமக்காக நிக்காது” என்றது அந்தப் பெண்.

செயற்கைக்கோள் இருந்த பெட்டி ஓர் இரும்பு ஃபிரேமின்மேல், நாலு மூலையிலும் ஸ்பிரிங் வைத்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு ஷாக் மீட்டர். வழியில் அதிர்ச்சி அதிகமானால் மஞ்சள் விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் திரும்பப் போய் மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும். அதற்குள் ராக்கெட் போய்விடும். கீழ் ஃபிரேமை மட்டும் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, கேட் பாஸ் வாங்கக் கவிதா ஆபீசுக்குள் போனது.

நான் பெட்டியை ஒரு விரலால் தொட்டேன். ஆடியது. கப்பலில் அசைகிற சரக்கு ஆளை நசுக்கும். ஃபிரேமைக் கட்டிவிட்டு, பெட்டியின் தலைக்குமேலும் குறுக்கே ரெண்டு பெல்ட் போட்டு, ஸ்பிரிங் அமுங்கும்வரை இறுக்கினேன். இப்போது தொட்டால் அசையவில்லை. மனசு குளிர்ந்தது. கதவைச் சாத்தினேன்.

3. எண்ணூர் ரோடு

அந்த ரோட்டைக் கன்டெய்னர் லாரிகள் உழுது வைத்திருந்தன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்குப் பெட்டி கழன்று விழுகிற சத்தம் கேட்டது. வண்டியை ஓரங்கட்டச் சொல்வேன், பின்னால் ஏறி பெல்ட்டை அதன் பல்சக்கரத்தில் இன்னொரு பல் இறுக்குவேன், வந்து உட்காருவேன். அடுத்த பள்ளத்துக்கு மறுபடியும்.

சேவியர் பொறுமை இழந்தான். “இன்னா மாமு, சும்மா சும்மா நிறுத்திகினு கீற? வவுறு சரியில்லன்னா சொல்லிடு, மேடம் இன்னா நெனச்சுக்கப் போவுது.”

மேடம் சிரித்தது. உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டது.

நான் பெருமையாகச் சொன்னேன். “கவலையே படாதம்மா. கல்லு மாதிரி கீது. ஒரு நூலு அசையல.”

சிரிப்பு நின்றது. “அசையலையா?”

அத்திப்பட்டு தாண்டி வண்டியை நிறுத்தி, மூன்று பேரும் பின்னால் ஏறினோம். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் பெல்ட்டை மட்டுமே பார்த்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. கவிதா என்னைத் திட்டவில்லை. அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங்கைத் தொட்டுக் காட்டியது. “பள்ளத்த இதுதாண்ணே வாங்கிக்கணும். இத நீங்க கட்டிப் போட்டுட்டா, உள்ள இருக்குறதுதான் வாங்கும்.” படிப்பு முடிந்தும் வேறு வேலைக்குப் போகாமல் அந்தப் பெட்டியோடே கிடந்த பெண் அது.

பெல்ட்டை என் கையாலேயே கழற்றினேன். மீதி வழி முழுக்க, கவிதாவின் அனுமதியோடு, பின்னாலேயே உட்கார்ந்து வந்தேன். மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் பெட்டி ஆட ஆட, கையை நீட்டிப் பிடித்துவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். பள்ளமில்லாத ஜி.என்.டி. ரோடு வந்தும் கையை எடுக்கவில்லை. என் சர்வீசில் அவ்வளவு கஷ்டமான வேலை வேறு செய்ததில்லை. விளக்கு மஞ்சளோடு நின்றது. ஸ்ரீஹரிகோட்டாவில் இறக்கி, திறந்து சோதித்து, பழுதில்லை என்றார்கள்.

திரும்பும்போது சேவியர் ஆறுதல் சொன்னான். நான் பயந்து நிறுத்தியதால்தான் பாதி வழியிலேயே தெரிந்ததாம். நான் பயந்து கட்டியதால்தான் விளக்கே எரிந்தது என்பதை நல்ல மனசோடு விட்டுவிட்டான்.

4. மேலே யார் கட்டினார்கள்

இறக்கிய அன்று கவிதாவிடம் ஒன்று கேட்டிருந்தேன், ராக்கெட்டில் அதை யார் கட்டுவார்கள், டைட்டாகக் கட்டுவார்களா என்று.

“டைட்டாதான் கட்டுவாங்க. ஆனா மேல போனதும் அந்தக் கட்டு தானா கழலணும். கழலலைன்னா எல்லாமே வேஸ்ட்டுண்ணே.”

இதைக் கேட்டிருக்கவே கூடாது. அன்றிலிருந்து கட்டு கழலாதோ என்று கவலைப்பட ஆரம்பித்தேன். லாஷிங்காரன் ஒருவன் அப்படிக் கவலைப்பட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

ராக்கெட் விட்ட காலையில் திருவொற்றியூர் பீச்சில் நின்றோம். வடக்கே வானத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஏறியது. மீன்காரர்கள் கை தட்டினார்கள். சேவியரும் தட்டினான். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்; தகவல் வந்ததும் கூப்பிடுவதாகக் கவிதா சொல்லியிருந்தது. கோடு கலைந்து, கூட்டம் போய், மணல் சுட ஆரம்பித்த பிறகுதான் போன் அடித்தது.

“அண்ணே, கழண்டுச்சு.”

வேறு எந்த நாளிலும் அந்த வார்த்தையைப் போனில் கேட்டால் எனக்கு நெஞ்சு நின்றுவிடும். அன்றைக்கு மணலில் உட்கார்ந்துவிட்டேன். சேவியர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், இன்னா ஆச்சு என்றான். கட்டு கழண்டுடுச்சாம் என்றேன். “உன் வேலதானா?” என்றான்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். பெல்ட்டைக் கையில் எடுக்குமுன், இதில் எது ஆட வேண்டும், எது எப்போது கழல வேண்டும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கட்டுங்கள். கட்டியதும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், போதும். நான் இன்னும் ஒருமுறையோடு விட்டதில்லை.