பவுடர் போட்டுக்கொண்டு போன நெஞ்சுவலி

அன்று வெள்ளிக்கிழமை. பாகூர் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக்கடை. வெள்ளிக்கிழமை என்றால் கடையைக் கழுவி, சாமி படங்களுக்குப் பூ சாத்தி, கற்பூரம் காட்டிய பிறகுதான் முதல் வியாபாரம். கழுவுவதும் பூ சாத்துவதும் என் பங்கு. கற்பூரம் காட்டுவது என் வீட்டுக்காரர் பங்கு. வேலையைப் பிரித்தது அவர்தான், சொல்லவா வேண்டும்.

தண்ணீர் வாளியைத் தூக்கும்போது வலி வந்தது. நெஞ்சு என்று சொல்ல முடியாது. முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ முட்டியை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. அங்கிருந்து இடது தாடைக்கு ஏறியது. பல்வலியா முதுகுவலியா என்று எனக்கே தெரியவில்லை. வேர்த்தது பாருங்கள், அப்படி ஒரு வேர்வையை நான் ஆடி மாசத்துத் தீமிதியில்கூடக் கண்டதில்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏங்க, எனக்கு இன்னாவோ பண்ணுதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

நானாக ஆஸ்பத்திரி என்று கேட்கிற ஆள் இல்லை. காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடையில் நிற்பவள். அதனால் அவர் பயந்துதான் போனார், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பயத்திலும் அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது கடைத்தெருதான்.

"இப்டியேவா வருவ? பொடவ எல்லாம் தண்ணி. நம்ம ஜனங்க பாத்தா இன்னா நெனப்பாங்க? வூட்டுக்குப் போயி மாத்திக்கினு வாம்மா."

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். கடை வைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் இது சட்டம். கடைக்காரன் பெண்டாட்டி தலைவிரி கோலமாக ஸ்கூட்டரில் போனால், சாயங்காலத்துக்குள் கடையே நொடித்துப் போய்விட்டது என்று தெருவில் பேச்சு வந்துவிடும். சரக்கு போடுகிறவன் மறுநாளே பாக்கியைக் கேட்டு வந்து நிற்பான். அவர் சொல்லாவிட்டாலும் நானே மாற்றியிருப்பேன் என்பதுதான் உண்மை.

கடைக்குப் பின்னால்தான் வீடு. முகம் கழுவினேன். சுவரைப் பிடித்துக்கொண்டே வேறு புடவை கட்டினேன். குங்குமம் வைத்தேன். சாமிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த மல்லிகையைத் தலையில் செருகினேன். துடைக்கத் துடைக்க வேர்த்ததால் பவுடரை அப்பி, அதன்மேல் இன்னொரு தரம் அப்பினேன். கண்ணாடியில் பார்த்தால் கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி இருந்தேன்.

வில்லியனூர் போகிற வழியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஸ்கூட்டரின் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். தெருமுனையில் தெரிந்தவர் ஒருவர், "இன்னா, புருஷனும் பொண்டாட்டியும் ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார். இவர் வண்டியை மெதுவாக்கி, "ஆமாமா" என்று சிரித்துவிட்டு ஓட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் முதுகிலேயே ஒன்று வைத்திருப்பேன். கையைத் தூக்க முடியவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசு. எங்களைப் பார்த்ததும் என் வீட்டுக்காரரிடம், "யாருக்குங்க பாக்கணும்?" என்றார். இவர் என்னைக் காட்டினார். டாக்டர் என் பூவைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கடைக்கு வருகிற ஆளை நானும் அப்படித்தான் பார்ப்பேன். வாய் திறப்பதற்கு முன்னாலேயே ஒரு முடிவு எடுத்துவிடுகிற பார்வை.

"எங்கம்மா வலிக்குது?"

நான் மூச்சை இழுப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "முதுவுல சார். வாளி தூக்குனா. கொஞ்சம் கேஸும் உண்டு அவளுக்கு."

"தாடையிலயும் வலிக்குது சார். வேர்த்துக் கொட்டுச்சி" என்றேன்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். "இப்ப வேர்க்கலையே?"

"காலையில கடை கழுவுனா சார், அதான்" என்றார் இவர்.

பவுடர் போட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆம்பளை டாக்டர், என் பிள்ளை வயசு. அவரிடம் போய் இவ்வளவு வலிக்கு நடுவில் நின்று பவுடர் பூசினேன் என்று எப்படிச் சொல்வது? நர்ஸ் வந்து மார்பில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார். டாக்டர் அதை நின்றபடியே பார்த்துவிட்டு, "ஈ.சி.ஜி. நல்லாத்தான் இருக்கு. சதை புடிச்சிருக்கு, கூட கேஸ். ஒரு ஊசி போட்டு அனுப்புங்க சிஸ்டர்" என்றார்.

"சார், கேஸ் வலி எனக்குத் தெரியும். இது அது இல்ல சார்."

"யூடியூப் பாத்துட்டு வந்தீங்களாம்மா?"

என் போனில் நான் பார்ப்பது குழம்பு வைப்பது எப்படி என்பது மட்டும்தான். அதைச் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் சிரித்தார். டாக்டர் சொன்னதற்கு மரியாதையாகச் சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற யார் எது சொன்னாலும், தராசுக்கு முத்திரை போட வருகிறவரானாலும் வரி ஆபீஸ்காரரானாலும், அவர் அப்படித்தான் சிரிப்பார். அது எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு அந்தச் சிரிப்பு வலியைவிட அதிகமாக வலித்தது. அந்த அறையில் எனக்கென்று இருந்தது அவர் ஒருவர்தான். அவரும் அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஊசி போட்டு, பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். வலி அப்படியே இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஊசி வேல செய்ய நேரமாவும்மா. டென்ஷன் ஆவாதீங்க. வூட்ல ஏதாவது சண்டையா?"

நல்ல பெண்தான். அன்பாகத்தான் கேட்டது. நான் இல்லை என்று தலையாட்டினேன். இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கத்தியிருக்க வேண்டுமோ? கீழே விழுந்து புரண்டிருக்க வேண்டுமோ? கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் தணிந்தே பேசிப் பேசி, நாலு பேர் முன்னால் குரல் எழும்பாத தொண்டை ஆகிவிட்டது என்னுடையது.

அந்த நேரம் பைக்கில் விழுந்த ஒரு இளைஞனைத் தூக்கி வந்தார்கள். தலையெல்லாம் ரத்தம். "அம்மா, எழுந்து ஓரமா நில்லுங்க, ஸ்ட்ரெச்சர் வருது" என்று சத்தம் போட்டார்கள். டாக்டர் ஓடினார், நர்ஸ் ஓடினார், வாசலில் இருந்த காவலாளிகூட ஓடினார். நான் சுவரோரம் நின்று பார்த்தேன். அந்தப் பையனைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அவனுக்கு வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. என் வலிக்கு நிறம் இல்லை. பாவம், அவன் பிழைத்தானோ என்னவோ, பெற்றவள் எங்கே இருந்தாளோ. அவனைப் போய் அப்படி நினைத்தேன்.

கிளம்பும்போது இவர் டாக்டரைத் தேடிப் போய்க் கும்பிட்டார். "ரொம்ப தேங்ஸ் சார். பாகூர் பக்கம் வந்தா கடைக்கு வாங்க சார்." டாக்டரும் சரி என்றார்.

வீட்டுக்கு வந்து படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. வீட்டில் தனியாக உட்காரப் பயந்து, கடையிலேயே போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். "டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு, நீ ஏன் மொகத்த அப்டி வெச்சிருக்க?" என்றார் இவர். சாயங்காலம், மீன் விற்றுவிட்டுத் திரும்புகிற பனித்திட்டுக் குப்பத்துப் பெண் ஒருத்தி புளி கேட்டாள். புளியை எடுக்க எழுந்தேன். கால் தரையில் இல்லை. அவள் கூடையைப் போட்டுவிட்டு, "ஐயோ அக்கா" என்று அலறியது மட்டும் கேட்டது.

அதே ஆஸ்பத்திரிக்குத்தான் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள். காலையில் இருந்தவர்கள் யாரும் இல்லை, டூட்டி மாறியிருந்தது. இந்தத் தடவை என்னைச் சுற்றி ஓடினார்கள். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் வைத்தார்கள். திரும்பவும் ஒயர்களை ஒட்டினார்கள். ஒரு பெண் டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"பெரிய அட்டாக்குங்க. காலையிலேயே ஆரம்பிச்சிருக்கணும். ஏன் இவ்ளோ லேட்டா கூட்டிட்டு வந்தீங்க? அப்பவே வந்திருந்தா இதயத்தக் காப்பாத்தியிருக்கலாமே. இப்ப ஒரு பக்கம் போயிடுச்சி."

காலையில் இங்கேதான் வந்தோம் என்று நான் சொன்னேன். மாஸ்க்குக்குள் அது வெறும் காற்றாகத்தான் வந்தது. "பேசாதீங்கம்மா" என்று நர்ஸ் என் தோளை அழுத்தினார். இவரைப் பார்த்தேன். சொல்லுங்கள், நீங்களாவது சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்புதான் மேடம். கேஸுன்னு நெனச்சி நாங்கதான் வூட்லயே வெச்சிருந்துட்டோம்."

"பாத்தா வெவரமானவங்களா இருக்கீங்க. இப்டி பண்ணலாமா?" என்று டாக்டர் திட்டினார்.

"ஆமாங்க மேடம்" என்றார் இவர்.

உயிரோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது வாளி தூக்க முடியாது, மாடிப்படி ஏற முடியாது, பத்து அடி நடந்தால் நிற்க வேண்டும். பேசத் தெம்பு வந்ததும் ஒருநாள் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. கோபமாகத்தான் கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அவுங்க கையிலதானடி ஒன் உசுரு இருந்துச்சி. அந்த நேரத்துல அவுங்க மேலயே பழி போடச் சொல்றியா?"

மாதாமாதம் செக்கப்புக்கு இப்போதும் அங்கேதான் போகிறோம். வேறு எங்கே போவது?