என்னோடு மூச்சடக்கியவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் நுரையீரலில் ஒரு நிழல் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பசுமலைக்குத் தனியாகப் போய் எக்ஸ்ரே எடுத்து வருவேன். படம் எடுப்பவர் ஒல்லியான மனிதர். இருட்டறையிலிருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டே வெளியே வருவார். "மூச்ச அடக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, தானும் கன்னம் உப்ப அடக்கிக்கொள்வார்.

ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"ஒரு பெரியவர அடக்கச் சொல்லிட்டு, விடச் சொல்ல மறந்து ஃபிலிமோட உள்ள போயிட்டேன்ணே. நெனப்பு வந்து திரும்பிப் பாத்தா, மனுசன் முகம் கருத்து அப்படியே நிக்கிறாரு. அதுலருந்து நானும் அடக்கிக்கிருவேன். எனக்கு முட்டுனா உங்களுக்கும் முட்டும்ல."

சில வருடம் கழித்து, ஊருக்குப் புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர் ஸ்கேனுக்கு டாக்டர் அனுப்பினார். வளையத்துக்குள் படுத்திருந்தேன். ஆட்களெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் இருந்தார்கள். ஸ்பீக்கர் "மூச்சை அடக்குங்க" என்றது. சரியான நேரத்தில் "விடுங்க" என்றது.

எக்ஸ்ரேயில் இத்தனை வருடம் என்னவென்று பிடிபடாதது திரையில் தெளிவாகத் தெரிந்தது. பழைய தழும்புதான், பயமில்லை என்றார் டாக்டர். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த அறையில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.