ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு போனோம்

அந்த மார்கழியில் ஊரில் பாதிப் பேர் கொரோனா பயத்தை விட்டுவிட்டிருந்தார்கள். முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது. மண்டபங்களில் பந்தி நடந்தது. எங்கள் தெருவில் இன்னும் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான். மார்பில் இருந்த கட்டியை எடுத்த பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தஞ்சாவூருக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். எட்டு முறை ஏற்ற வேண்டும் என்றார்கள். நான்கு முடிந்திருந்தது.

எங்கள் ஊர் வெண்ணாற்றுக்குத் தெற்கே. நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கணவருக்கு நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை. தாமதமாக அறுத்த குறுவை அப்போதும் வந்துகொண்டிருந்தது. நாள் முழுக்க விவசாயிகளோடும் மூட்டை தூக்குபவர்களோடும் நிற்பவர் வீட்டுக்குள் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அவர் தன் அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டார். சாயங்காலம் காய்கறிப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுத் தெருவில் நின்று பேசுவார். "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேங்க" என்பேன். பிறகு அவர் போய்விடுவார். பை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குள் நானும் மகளும். அவளுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி செல்போனுக்குள் நடந்துகொண்டிருந்தது. என்னோடு ஆஸ்பத்திரிக்கு வர அனுமதி ஒருவருக்குத்தான். அந்த ஒருவர் அவள்.

முதல் நாளே டாக்டர் ஒரு தாள் கொடுத்திருந்தார். அதை பீரோ கதவில் ஒட்டியிருந்தோம். காய்ச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும், நீங்களாக எந்த மாத்திரையும் போடக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. மருந்து வெள்ளையணுக்களைக் குறைத்துவிடும், சின்னத் தொற்றும் தாங்காது. எட்டாம் வகுப்புக்கு வெள்ளையணுக்களைப் படம் வரைந்து நடத்தியவள் நான். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஊரில் வேறொரு பாடம் நடந்துகொண்டிருந்தது. காய்ச்சல் என்று தெரிந்தால் வாசலில் தகரம் அடித்தார்கள், சுவரில் தாள் ஒட்டினார்கள். ஆஸ்பத்திரிக் கேட்டிலேயே நெற்றியில் கருவியை வைத்துப் பார்த்து, சூடு இருந்தால் தனிக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். கூட வந்தவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் கண்ணுக்கோ காலுக்கோ காட்டப் போகிறவர்கள்கூட வீட்டிலேயே ஒரு காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டுதான் கிளம்பினார்கள். எங்கள் தெரு ஆட்டோக்காரர் இதை ரகசியமாகக்கூடச் சொல்லவில்லை.

"ஒரு மணி நேரம் முன்னாடி ஒண்ணப் போட்டுக்குங்க டீச்சர். கேட்ல இருக்கற துப்பாக்கி வாயே தொறக்காது."

"எனக்குத்தான் காய்ச்சலே இல்லையே."

"இல்லாதவங்களும் போட்டுக்கறாங்க. எங்க மாமியார் மூட்டு வலிக்குப் போச்சு, ரெண்டு போட்டுக்கிட்டுப் போச்சு. கேட்ல நல்ல பேரு."

நான் சிரித்தேன். ஐப்பசியில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி காய்ச்சலோடு அந்தத் தனிக் கட்டடத்துக்குள் போனாள். ஒன்பதாம் நாள் அவளைச் சுற்றிக் கட்டி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவள் மகன் தூரத்தில் நின்று பார்த்தான். முகத்தைக் காட்டவில்லை. சாவைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. என் பெண்ணைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே போய், பிறகு அவள் என் முகத்தைப் பார்க்காமல் போவது.

ஐந்தாவது முறைக்கு முந்தின நாள். தூறல் விழுகிறதென்று மாடியில் துணி எடுக்கப் போனேன். இறங்கும்போதே குளிர் தொட்டது. ஐந்து மணிக்கு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். நூற்றி ஒன்று. பீரோ எதிரில்தான் நின்றிருந்தேன். சிவப்பு எழுத்தைப் படிக்கவும் செய்தேன். பின்கட்டில் மகள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. சமையலறை அலமாரியில் இருந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினேன்.

"ஏம்மா முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் உள்ளே வந்தவள்.

"அசதி. ஒனக்கு ஏன் குரல் கம்முது?"

"ரெண்டு நாளா தூக்கம் இல்ல. பரீட்சை. ஒண்ணும் இல்லம்மா."

ஒண்ணும் இல்லை என்று அவள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. மேலே கேட்கவில்லை.

காலை ஆறு மணிக்கு இன்னொன்று எடுத்தேன். அட்டையில் மூன்று குழி காலியாக இருந்தது. நான் எடுத்தது இரண்டுதானே என்று ஒரு நொடி நின்றேன். மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து எனக்கு மறதி அதிகம், பால் அடுப்பில் இருப்பதே மறந்துபோகும். அப்படித்தான் இதுவும் என்று அட்டையைத் திரும்ப வைத்தேன்.

ஆட்டோவில் கிளம்பினோம். இரண்டு பக்கமும் சம்பா, புயல் மழையில் சாய்ந்தது பாதி, நின்றது பாதி. வயலில் தேங்கிய தண்ணீரை வடிய விட்டுக்கொண்டிருந்தார்கள். பனியில் ஆட்கள் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தார்கள். மகள் தலையைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

கேட்டில் காவலாளி என் நெற்றிக்கு நேராகக் கருவியைப் பிடித்தார். "தொண்ணூத்தி நாலு." மகளுக்கும் பிடித்தார். "தொண்ணூத்தி நாலு. காலையிலேர்ந்து எல்லாருக்கும் இதான். இந்தக் கணக்குக்கு ஊர்ல ஒருத்தருக்கும் உசுரே இல்லைங்க. போங்க, போங்க."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனோம்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர இரண்டு மணி நேரம். மருந்து ஏற்றும் அறையில் என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஜன்னலோரம் நாகூரிலிருந்து வரும் ஒரு பெரியவர். வெள்ளைத் தொப்பி, கையில் தஸ்பீஹ் மணிமாலை. நான் முதல்முறை வந்த நாளிலிருந்து எங்கள் முறை ஒன்றாகவே வந்தது. அவருக்குக் காது மந்தம். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கவசத்தை எறக்கிட்டுச் சொல்லும்மா. வாய் அசையறதப் பாத்தாத்தான் எனக்குப் புரியும்."

"எத்தனையாவதுங்க இது?" என்றேன், கவசத்தை இறக்கி.

"ஆறு. இன்னும் ரெண்டு. முடிஞ்சதும் பேத்தி நிக்காஹ். தேதி குறிச்சாச்சு."

இரண்டு மூன்று நிமிடம் பேசியிருப்போம். அதற்கு மேல் இருக்காது. இதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ரத்த முடிவு சரியாக இருக்கிறது, ஏற்றலாம் என்று வந்தது. சிஸ்டர் கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டினார். "காய்ச்சல், இருமல் ஏதாச்சும் இருந்துச்சாம்மா?"

"இல்ல சிஸ்டர்."

மருந்தை வாங்கிவர மகளை மருந்தகத்துக்கு அனுப்பினார்கள். அது சூடாகக் கூடாது என்பதால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலம் வைத்துத் தருவார்கள். அவள் திரும்பி வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது. பெட்டியை உடனே கொடுக்கவில்லை. மூடியைத் திறந்தாள். ஐஸ் பொட்டலத்தை எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு நெற்றியில். கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது குழி யாருடையது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

ஊசியோடு எழுந்து கதவைத் திறந்தேன். அவள் திடுக்கிட்டுப் பொட்டலத்தைப் பெட்டிக்குள் போட்டாள்.

"எப்பலேர்ந்து?"

"ஒண்ணும் இல்லம்மா."

"எப்பலேர்ந்துடி?"

"முந்தாநாளு. சொன்னா ஒங்கூட விட மாட்டாங்க. நீ தனியா இருப்ப." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அலமாரி அட்டையிலேர்ந்துதான் எடுத்தேன். எடுக்கறப்பவே ஒண்ணு கொறைஞ்சிருந்துச்சு. நீயும் போட்டுருக்கேன்னு தெரியும். நீ சொல்லல. அதான் நானும் சொல்லல."

நெற்றியில் கை வைத்தேன். ஐஸ் வைத்த இடம் மட்டும் குளிர்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் கொதித்தது.

பின்னால் சிஸ்டர் வந்து நின்றார். நான் திரும்பிச் சொன்னேன். குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது.

"மருந்து ஏத்த வேண்டாம் சிஸ்டர். எனக்கு நேத்திலேர்ந்து காய்ச்சல். ரெண்டு மாத்திரை போட்டுட்டு வந்தேன். இவளுக்கும் இருக்கு."

அவர் உடனே திட்டவில்லை. முதலில் இரண்டடி பின்னால் போனார். பிறகு அறைக்குள் திரும்பிப் பார்த்தார். அங்கே பதினொரு பேர் கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க டீச்சர்தானேம்மா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

நாகூர்ப் பெரியவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்து, என்ன என்பதுபோலக் கையை அசைத்தார்.

எது நடக்கக் கூடாது என்று மாத்திரை போட்டேனோ அதுவே ஒரு மணி நேரத்தில் நடந்தது. இரண்டு பேருக்கும் தொற்று. என்னைத் தனிக் கட்டடத்துக்கும், அவளை ஏதோ ஒரு கல்லூரி விடுதிக்கும் அனுப்பினார்கள். வேனில் ஏறும்போது அவள் என்னவோ சொன்னாள். கவசத்துக்கு மேல் கவசம் போட்டிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை.

பதினாறு நாள் அங்கே இருந்தேன். நான்கு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அழுததாக நினைவில்லை. மேலே மின்விசிறியில் ஒரு இறக்கை வளைந்திருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலும் சாயங்காலமும் மகள் போனில் தெர்மாமீட்டரைக் காமிராவுக்கு நேராகக் காட்டுவாள். நானும் என்னுடையதைக் காட்டுவேன். "சாப்பிட்டியா?" என்று இருவரும் கேட்டுக்கொள்வோம், கேட்டில் நின்ற அவள் அப்பாவைப் போல. பொங்கல் அந்தக் கட்டிலில் கழிந்தது.

மாசியில்தான் மறுபடி மருந்து ஏற்ற அழைத்தார்கள். வழியில் அறுவடை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்டோக்காரர் மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கேட்டில் அதே காவலாளி. கருவியை அவர் நீட்டுவதற்கு முன்னால், "மாத்திரை எதுவும் போடலைங்க, ரெண்டு பேரும்" என்றேன்.

"அத யாரு டீச்சர் கேட்டா? நெத்தியக் காட்டுங்க."

உள்ளே அதே சிஸ்டர். காய்ச்சல் இருந்ததா என்று அவர் கேட்டார். என் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை நீட்டினேன். இடது பக்கம் என் காய்ச்சல் விவரம், மகள் எழுதியது. வலது பக்கம் அவளுடையது, நான் எழுதியது. சிஸ்டர் நான்கைந்து பக்கம் புரட்டினார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவளை ஒருமுறை பார்த்தார். நோட்டைத் திருப்பித் தந்துவிட்டு ஊசிக்கு நரம்பு தேடினார்.

ஜன்னலோரம் ஒரு நடுவயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். கணக்குப்படி பெரியவருக்கு எட்டும் முடிந்திருக்க வேண்டும். முடிந்து போயிருக்கலாம். பேத்தியின் நிக்காஹுக்கு வெள்ளைத் தொப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்.

சிஸ்டருக்குத் தெரிந்திருக்கும். ஊசி ஏறியது. எனக்கு இன்னும் மூன்று முறை அந்த அறைக்குப் போக வேண்டியிருந்தது. போனேன். ஒருமுறைகூட நான் கேட்கவில்லை.