படி இல்லாத மாடி வீடு

லிஃப்டின் கதவு திறந்ததும், வெளியே பெரியவளைக் கண்டு, உள்ளே நின்ற கீழ்வீட்டுக்காரர் தம் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "நீங்க போங்கம்மா. நாங்க நடந்தே ஏறிக்கறோம். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்றார். அவர் மனைவிக்கு முழங்கால் வலி என்பது அந்தக் கட்டடத்துக்கே தெரியும்.

பெரியவள் தலையசைத்துவிட்டுத் தனியாக மேலே போனாள். தொற்று பரவத் தொடங்கியதிலிருந்து இப்படித்தான். நோயறியும் சோதனைப் பொருள்களைத் தயாரிக்கும் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. அங்கே கிருமி என்று ஒன்றும் கிடையாது என்பதை எத்தனையோ முறை எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். 'லேப் அம்மா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, மனிதர்கள்தாம் விலகிக்கொண்டார்கள்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது, தங்கை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவளை ஆளாக்கி, செவிலியர் படிப்புப் படிக்கவைத்து, கடல் கடந்த ஒரு மருத்துவமனைக்கு வேலைக்கு அனுப்புவதற்குள் பெரியவளுக்குத் தலை நரைத்துவிட்டது. கல்யாணப் பேச்சு எழுந்தபோதெல்லாம், "இவ படிப்பு முடியட்டும்" என்று தள்ளிப்போட்டாள். படிப்பு முடிந்தபோது பேச்சும் நின்றுபோயிருந்தது. சின்னவள் போன பிறகு அந்த வீட்டில் மனிதக் குரல் என்றால் தொலைபேசியில் வருவதுதான்.

பெரியவளின் வாழ்க்கையில் பெருமை என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது. சோதனைக்கு வேண்டிய கலவை குளிர் குறைந்தால் கெட்டுப்போகும். வெயில் மிகுந்த நாடுகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி பாழாகிவிடும். அதை உறையவைத்து, ஈரத்தை உறிஞ்சி, சிறு குழாயின் அடியில் வெள்ளைப் பொடியாக நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். கம்பெனி அதற்குக் காப்புரிமை வாங்கியது. கண்டுபிடித்தவர் என்று அவள் பெயரைப் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று வரவேற்பறைச் சுவரில் தொங்கியது.

தகட்டின் நினைவு முதலில் சின்னவளுக்குத்தான் வந்தது.

"அக்கா, இங்க காய்ச்சல்னு வர்ற எல்லாரையும் ஒரே வார்டுல போட்டிருக்கோம். யாருக்குத் தொத்து, யாருக்கு வெறும் சளின்னு தெரியறதுக்குள்ள ஒரு வாரம் ஓடிடுது. சளியோட வந்தவங்க தொத்து வாங்கிக்கறாங்க. உன் பொடி இருந்தா அன்னைக்கே பிரிச்சு வச்சிடலாம்."

"பெரிய நாடுகளுக்கே பத்தலைன்னு சொல்றாங்கடி."

"அனுப்ப வேணாம். நாங்களே செஞ்சுக்கறோம். எங்க லேப்காரர் கெட்டிக்காரர், மெஷினும் இருக்கு. உன் பேர்லதானே இருக்கு, நீ சரின்னு சொல்லேன். வீடு உன் பேர்ல இருந்தா நீதானே சாவி குடுக்கணும்?"

"பேரு மட்டும்தான் என்னோடது. வீடு கம்பெனியோடது. நான் கட்டிக் குடுத்த மேஸ்திரி."

சின்னவள் சிரித்துவிட்டாள். "மேஸ்திரிக்குப் பித்தளைத் தகடு. நல்ல மரியாதைதான்."

அன்றிலிருந்து அக்கா என்பது போய் மேஸ்திரி என்றாயிற்று.

அந்த மாதத்திலேயே யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. தொற்று தீரும்வரை தன் காப்புரிமையை எந்த நாட்டினரும் பயன்படுத்திக்கொள்ளலாம், வழக்குத் தொடுக்கமாட்டோம் என்று கம்பெனி அறிவித்தது. நிர்வாகி தொலைக்காட்சியில் பேசினார். உலகமே கைதட்டியது. பெரியவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"மேஸ்திரி, உன் வீட்டைத் திறந்துட்டாங்க" என்றாள் சின்னவள். கடலுக்கு அப்பால் லேப்காரர் அன்றே வேலையைத் தொடங்கினார்.

அடுத்த முறை சின்னவள் கைபேசியின் கேமராவில் ஒரு குழாயைக் காட்டினாள். அடியில் பொடி இல்லை. பாகு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. "எழுதியிருக்கறபடிதான் செய்யறாராம். எப்பவும் இப்படியே வருது. என்ன தப்பு?"

பெரியவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தொடக்கத்தில் அவளுக்கும் இதே பாகுதான் வந்தது. சரிசெய்ய ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. காப்புரிமையில் வழி இருந்தது; வழியிலுள்ள பள்ளங்கள் அதில் இல்லை. அவை கம்பெனியின் ரகசியம். வெளியே சொல்வதில்லை என்று அவள் கையெழுத்திட்டிருந்தாள்.

"கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

"யாரைக் கேக்கணும்? உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

சின்னவள், "சரி, வார்டுல கூப்பிடறாங்க" என்று வைத்துவிட்டாள்.

நிர்வாகி அவளைவிட இளையவர், நல்ல மனிதர்தாம். எழுந்து நின்று வரவேற்றார். விஷயத்தைச் சொன்னதும் பிடிகொடுக்காமல் பேசத் தொடங்கினார்.

"காப்புரிமையத் திறந்தாச்சு மேடம். செய்முறை நுணுக்கம் வேற விஷயம். அதையும் குடுத்துட்டா, தொத்து போனதுக்கு அப்புறம் நம்மகிட்ட என்ன மிச்சம் இருக்கும்?"

"மாடி வீட்டைத் திறந்து விட்டுட்டுப் படியை எடுத்துக்கிட்டோமே சார்."

அவர் சிரித்தார், உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார். "எல்லாரும் கைதட்டிட்டாங்க மேடம். இனிமே படியப் பத்தி யாரும் கேக்கப் போறதில்ல. மேலிடத்துல சொல்லிப் பாக்கறேன்."

மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. சின்னவளும் குழாயைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். ஒரு மாலை, கேட்காமலே சொன்னாள்:

"இங்க ஒரு பஸ் டிரைவர் இருந்தார். வெறும் சளி. நர்ஸ் ஒவ்வொருத்தருக்கும் பட்டப்பேரு வச்சு வார்டையே சிரிக்க வச்சுக்கிட்டிருந்தார். எனக்குக் கண்டக்டர்னு பேரு. நேத்து ரிசல்ட் வந்துச்சு, தொத்து இல்லைன்னு. அது அவர் உள்ள வந்த அன்னைக்கு எடுத்த சாம்பிள். இப்ப வெண்டிலேட்டர்ல இருக்கார்."

அவள் குரலில் அழுகை இல்லை.

"லேப்காரரைக் கூப்பிடு. நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சொல்லு" என்றாள் பெரியவள். "வாங்கற என்சைம்ல கிளிசரின் கலந்திருக்கும். அதை முழுசா நீக்கணும். துளி தங்கினாலும் பாகாயிடும். அப்புறம், உறைஞ்ச உடனே ஈரத்தை இழுக்கக் கூடாது. இன்னும் குளிர விட்டு, சும்மா கெடக்கட்டும்னு விடணும்..." அவர் கேட்டதற்கெல்லாம் விடை சொன்னாள். அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அவளுக்கு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

கடைசியில் சின்னவள் கேட்டாள்: "உனக்கு ஒண்ணும் ஆகாதே?"

"மேஸ்திரிக்கு என்னடி ஆகும்?"

மறுநாள் காலை, தானே நிர்வாகியிடம் போய்ச் சொன்னாள்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஏன் மேடம் வந்து சொன்னீங்க? யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"நாளைக்கு அங்க பொடி வந்தா யாரு சொன்னதுன்னு தேடுவீங்க. லேப்ல புதுசா சேர்ந்திருக்கற ரெண்டு பொண்ணுங்க மேலதான் சந்தேகம் விழும்."

விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றார். அடையாள அட்டையை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய தேநீர்க் கோப்பை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே இருந்தது. எடுத்துத் தரச் சொல்ல வாய் வரவில்லை.

அதன்பின் வந்த நாள்கள் நீளமானவை. உலர்த்தும் இயந்திரத்தின் பக்கவாட்டில் கையை வைத்து, அதன் அதிர்வைக் கொண்டே உள்ளே நடப்பதை அறிவது அவளுடைய வழக்கம். இப்போது அடுக்களையில் நிற்கும்போது அந்தக் கை தானாகக் குளிர்சாதனப் பெட்டியின்மேல் போய் உட்கார்ந்தது. வேலை நின்றுபோனதை யாரிடமாவது சொன்னால் தேவலை என்றிருந்தது. சொல்லிக்கொள்ள இந்த உலகத்தில் அவளுக்கு ஒருத்திதான் உண்டு. அந்த ஒருத்திக்குத் தெரியக்கூடாத செய்தியும் அதுவேதான். சின்னவளிடமிருந்து அழைப்பே வரவில்லை. பொடி வந்ததா, பாகுதானா, தெரியவில்லை.

ஒரு பிற்பகலில் கைபேசி ஒலித்தது.

"மேஸ்திரி." குரல் களைத்துக் கிடந்தது. "பொடியா வந்துடுச்சு. காலைல எடுத்தா மத்தியானம் ரிசல்ட். வார்டை ரெண்டாப் பிரிச்சிட்டோம்."

"அந்த டிரைவர்?"

"அவர் போயிட்டார்க்கா." பிறகு, "நேத்து வந்த ஒரு அம்மாவுக்குச் சளிதான். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிட்டோம். போகமாட்டேன்னு ஒரே சண்டை. இங்க சாப்பாடு நல்லாருக்காம்."

பெரியவள் சிரித்தாள். தன் சிரிப்பொலி அவளுக்கே புதிதாகக் கேட்டது.

"இந்த நேரத்துல உடனே எடுத்துட்டியே, லேப்ல இல்லையா?"

"இன்னைக்கு லீவு."

"நல்லது. கொஞ்சம் ஓய்வெடு..." என்று சின்னவள் தொடங்கினாள். முடிக்கவில்லை. பெரியவள் இருமுறை கூப்பிட்டாள். மறுமுனையில் சீரான மூச்சு மட்டும் வந்தது. பேசிக்கொண்டே தூங்குவது அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வழக்கம்.

கைபேசியில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. பெரியவள் அதைச் சார்ஜர் கம்பியில் மாட்டினாள். கம்பி குட்டையானதால் சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்தாள். வெளியே லிஃப்ட் வந்து நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போயிற்று. அவள் தொடர்பைத் துண்டிக்காமல், கைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.